இடப்பக்கம் மட்டும் திரும்பும் விளக்கு

கணக்கு ஆண்டு முடிய எழுபத்தொன்பது மணி நேரம் இருந்தது. ஆடிட்டர் தன் மேசைக் கடிகாரத்தைப் பார்த்து அதைச் சொன்னார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. திங்கள் நள்ளிரவோடு வருஷம் மூடிவிடும்.

"நடுவுல ஞாயித்துக்கிழமை வேற," என்று மூக்கைச் சிந்தினார். அவருக்குச் சளி. அறையில் நாற்காலிகள் மூன்று இருந்தன. இரண்டில் ஃபைல்கள் உட்கார்ந்திருந்தன, மூன்றாவதில் அப்பா. நான் கதவோரம் நின்றேன். எனக்கு அது வசதி. நிற்கிறவளிடம் யாரும் அதிகம் பேச்சுக் கொடுப்பதில்லை.

"சார், லாபம் வந்திருக்கு," என்றார் ஆடிட்டர். வீட்டில் யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று சொல்கிற குரல்.

அப்பா தலையாட்டினார்.

எங்களுடையது தகட்டுப் பட்டறை. ஒரு பிரஸ், ஒரு லேத், ஒரு வெல்டிங் செட். விளக்கு மூடிகளும், சுவரில் விளக்கைத் தாங்கும் கைகளும் செய்கிறோம். மாடியில் வீடு. இந்த ஆண்டு ஒரு ஓட்டல்காரர் தன் புதுக் கட்டடத்தின் எல்லா அறைகளுக்கும் எங்களிடமே வாங்கினார். பாதிப் பணம் கொடுத்தார். அது தகடாகவும் கடன் தவணையாகவும் போய்விட்டது. மீதிப் பாதி இன்னும் வரவில்லை. ஆனால் கணக்கில் முழு லாபமும் நிற்கிறது. நிற்கிற லாபத்துக்கு வரி உண்டு.

ஆடிட்டர் அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதி எங்கள் பக்கம் திருப்பினார். அப்பா அதைக் கண்ணாடி போடாமலே படித்துவிட்டார்.

"கையில காசு இல்லையே மேடம்."

"எனக்குத் தெரியும். கணக்குக்குத் தெரியாது." அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பாதியாக உடைத்தார். அதுதான் அவருடைய மதியச் சாப்பாடு என்று தோன்றியது. "லாபம் வந்ததுக்கு அழறவங்கள இந்த மாசம் மட்டும்தான் பாக்க முடியும். காலைலேர்ந்து நீங்க ஒன்பதாவது ஆளு. சரி, என்ன பண்ணலாம்னு பாப்போம். புதுசா மெஷின் வாங்கினா தேய்மானம் கழிக்கலாம்."

"எதை வச்சு வாங்கறது?"

"வாடகைய முன்னாடியே கட்டி வைக்கலாம்."

"கட்டடம் சொந்தம்."

"ஆளுங்களுக்கு போனஸ்?"

"ஒரே ஒரு ஆளு. குடுத்தாச்சு. அவரு அதுல பல்லு கட்டிக்கிட்டாரு."

"இனிமே வராதுன்னு ஏதாவது பாக்கி?"

"ஓட்டல்காரர் தருவாரு மேடம். மெதுவா தருவாரு."

ஆடிட்டர் எங்கள் சரக்குப் பட்டியலை எடுத்தார். நான் தட்டச்சு செய்தது. அவர் விரல் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அங்கேதான் நின்றது.

"மேசை விளக்கு, அறுநூத்தி நாப்பது. மூணு வருஷமா ஒண்ணுகூட நகரல. இது என்ன சார், மியூசியமா?"

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். "அது எங்க பெரிய பையன் செஞ்சது."

"யார் செஞ்சா என்ன, விக்குமா?"

"அவன் வந்தா சரி பண்ணுவான்."

"எப்ப வராரு?"

ஆடிட்டர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தும்மினார்.

"விக்காத சரக்க விக்கும்னு காட்டி, அதுக்கும் சேத்து வரி கட்டப் போறீங்க. இத உடைச்சுக் கழிச்சுட்டா, மிச்ச வரிய நீங்க எப்படியோ புரட்டிடலாம். ஆனா சும்மா பேப்பர்ல கழிச்சா கேள்வி வரும். நெசமாவே உடைக்கணும். பழைய இரும்புக்குப் போட்டு ரசீது வாங்கணும். படம் எடுக்கணும். ஏன் விக்காதுங்கறதுக்கு ஒரு காரணம் எழுதணும். திங்கக்கிழமை சாயங்காலம் நானே வந்து சாட்சி நிக்கறேன்."

"உடைக்கலன்னா?" என்று கேட்டேன்.

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "மொத்தத்தையும் கட்டணும்மா. பிரஸ்ஸ வித்தா வரலாம்."

பிரஸ் இல்லாவிட்டால் பட்டறை இல்லை. அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

பஸ்ஸில் அப்பா ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "அவனக் கேக்காம எப்படி?"

"ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவானே அப்பா. கேக்கலாமே."

"நீ கேளு," என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் இறங்க வேண்டிய இடத்தில் நான்தான் எழுப்பினேன். அவர் தூங்கியிருக்கவில்லை.

*

அந்த விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணன் இடதுகைக்காரன். பட்டறை அடுத்தவர் சொன்னதைச் செய்கிற இடமாகவே இருக்கக் கூடாது, நமக்கென்று ஒரு பொருள் வேண்டும் என்று அவன் ஒரு மேசை விளக்கு வரைந்தான். மேசையின் வலது ஓரத்தில் திருகி மாட்டலாம். கை இடப்பக்கம் திரும்பிக் காகிதத்தின்மேல் குனியும். அழகான வளைவு. தன் மேசையில் மாட்டி ஒரு மாதம் எழுதிப் பார்த்தான். குறையே தெரியவில்லை. அவனுக்குத் தெரியாது.

வலதுகைக்காரர்களுக்கு வெளிச்சம் வலமிருந்து வந்தால் கையின் நிழல் எழுதுகிற எழுத்தின்மேலேயே விழும். இடப்பக்கம் மாட்டிப் பார்க்கலாம் என்றால், அந்தக் கை இடப்பக்கம் மட்டும்தான் திரும்பும். விளக்கு தரையைப் பார்க்கும். இதை யாராவது முன்பே கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவன் அண்ணன் ஒருவன்தான். அப்பா கணக்கைப் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவார். அம்மாவுக்குக் கணக்கு மனதிலேயே இருக்கும். நான் விடுதியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். ஒளி, நிழல், கோணம் எல்லாம் பாடத்தில் இருந்தன. வீட்டு விளக்கை நான் பார்க்கவில்லை.

கடைகளுக்குப் போன விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. "கை மறைக்குதுங்க," என்றார்கள். கை இரண்டு பக்கமும் திரும்பும்படி வேறு மூட்டு போடலாம். அந்த மூட்டின் விலை விளக்கின் விலையைவிட அதிகம்.

அதன்பின் ஒரு காலையில் அண்ணன் ஒரு பையோடு போய்விட்டான். நான் கடைசித் தேர்வு எழுதிவிட்டு வந்தபோது அவன் அறையில் தகட்டுச் சுருள்கள் இருந்தன. வேறு ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை என்றார்கள். "ரெண்டு மாசம் நீ பாத்துக்கோ, அவன் வந்துடுவான்," என்றார் அப்பா. நான் மேற்படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன். அது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. மூன்று ஆண்டு ஆகிவிட்டதால் அதில் கேட்கிற கட்டணமே இப்போது மாறியிருக்கும்.

அம்மா இதை உறவுக்காரர்களிடம் ஒரே மாதிரிச் சொல்வார். "வெக்கம். அந்த விளக்கு தோத்துப்போனதுல எங்க மூஞ்சில முழிக்க முடியாம போயிட்டான். ரோஷக்காரன்."

அப்பா அருகில் இருந்தால் எழுந்து போய்விடுவார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணன் அழைப்பான். பத்துக்கு ஐந்து இருக்கும்போது அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏழு மணிக்குத்தானே குளிச்சீங்க?" என்றார் அம்மா.

"வேர்க்குது."

"வாரத்துக்கு ஒரு நாள் ரெண்டு தடவ வேர்க்கற மனுஷன இந்த வீட்டுலதான் பாக்கறேன்."

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. போன் அடித்தது. அம்மா ஸ்பீக்கரைப் போட்டு, சாப்பிட்டாயா, தூங்கினாயா, முடி வெட்டினாயா என்று வரிசையாகக் கேட்டார். அண்ணன் வரிசையாக ஆமாம் சொன்னான். பிறகு, "அப்பா?" என்றான்.

"குளிக்கறாரு."

"ம்."

அம்மா அடுப்பைப் பார்க்கப் போனபோது நான் போனைக் கையில் எடுத்தேன். அண்ணனோடு பேசவே எனக்கு முன்கூட்டி வாக்கியம் யோசிக்க வேண்டியிருந்தது.

"அண்ணா, விளக்கையெல்லாம் உடைக்கணும்னு ஆடிட்டர் சொல்றாங்க. வரிக்காக. நாளைக்குள்ள."

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் கேட்டது. "உடைங்க," என்றான். "அதுல என்ன இருக்கு? நானே எப்பவோ உடைச்சிருப்பேன். அப்பா என்ன சொல்றாரு?"

"நீ வந்து சரி பண்ணுவேன்னு சொல்றாரு."

அவன் சிரித்தான் என்று முதலில் நினைத்தேன். சிரிப்பில்லை.

"அவரா அப்படிச் சொல்றாரு?"

"எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்றாரு. நீ எப்ப வரே அண்ணா?"

"அது என் கையில இல்ல பாப்பா."

வேறு யார் கையில் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அம்மா வந்துவிட்டார். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் அதை எடுத்து ஊற்றவில்லை.

அப்பா வெளியே வந்ததும், "உடைக்கச் சொல்லிட்டான்," என்றேன்.

"வேற என்ன சொன்னான்?"

"ஒண்ணும் இல்லப்பா."

அவர் தலை உலர்ந்திருந்தது. அந்தத் தலையைத் துண்டால் நன்றாகத் துவட்டினார்.

*

திங்கள் காலை நான் படியிறங்கி வந்தபோது பிரஸ்ஸைச் சுற்றி ஒருவர் நடந்துகொண்டிருந்தார். பழைய மெஷின் வாங்கி விற்கும் தரகர். அப்பாதான் கூப்பிட்டிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை.

பிரஸ் ஓட்டுகிறவரை நாங்கள் சத்தம் என்போம். பிரஸ்ஸின் பக்கத்திலேயே நின்று காது மந்தமாகிவிட்டது, அதனால் எதையும் கத்தித்தான் சொல்வார். ரகசியம் என்று அவர் காதில் போட்டால் தெரு முழுக்கக் கேட்கும். புதுப் பல்லோடு பேச இன்னும் பழகவில்லை. தரகர் விரல் முட்டியால் இயந்திரத்தைத் தட்டிப் பார்ப்பதை அவர் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, இந்த ஆளு என்ன பல் டாக்டரா? தட்டித் தட்டிப் பாக்கறாரு?"

"மாமா, மெதுவா."

"மெதுவாத்தானே பேசறேன்?"

தரகர் ஒரு விலை சொன்னார். அப்பா அதைச் சுவரில் எழுதினார். அதற்கு மேலே வரித் தொகை எழுதியிருந்தது. கழித்துப் பார்க்கவே வேண்டாம். மேலே இருந்தது நீளமாகவும் கீழே இருந்தது குட்டையாகவும் இருந்தது.

"வாங்கினப்போ இதுக்கு எவ்வளவு தெரியுமா?" என்றார் அப்பா.

"தெரியுங்க. போன மாசம் கூப்பிட்டிருந்தா பாத்துப் போட்டிருப்பேன். கடைசி நாள்ல கூப்பிட்டீங்க. இது கடைசி நாள் விலை." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் நாலு பட்டறைக்குப் போகணும். எல்லாரும் ஒரே நாள்லதான் முழிச்சுக்கறாங்க."

அவர் போனபின் அப்பா ஒரு தகட்டுக் கட்டின்மேல் உட்கார்ந்தார். விளக்குகளை உடைப்பதைவிடப் பிரஸ்ஸை விற்கிறார் என்றால், அவர் அந்த விளக்குகளில் எதை வைத்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நான் மனதில் ஒரு சமன்பாடு போல எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் பெயர் தெரியாத ஏதோ ஒன்று இருந்தது. அது பிரஸ்ஸைவிடக் கனமானது.

"முதலாளி," என்று சத்தம் கத்தினார். "இத வித்துட்டு என்னை எங்க வைப்பீங்க? ஷோகேஸ்லயா?"

அப்பா அவரைப் பார்த்தார். அவருடைய புதுப் பல்லைப் பார்த்தார். வெகுநேரம் கழித்து எழுந்து, சுவரில் இருந்த இரண்டு தொகைகளையும் உள்ளங்கையால் அழித்தார்.

"பாப்பா, பழைய இரும்புக்காரர மூணு மணிக்கு வரச் சொல்லு. மேடத்துக்கும் போன் பண்ணு."

*

பெட்டிகள் பரணில் இருந்தன. நானும் அம்மாவும் இறக்கினோம். ஒவ்வொரு விளக்கும் மெல்லிய காகிதத்தில் சுற்றியிருந்தது. காகிதம் மஞ்சளாகியிருந்தது, விளக்கில் ஒரு கீறல் இல்லை. வயரை இழுத்து ஒரு பக்கம் போட வேண்டும், பல்பு மாட்டும் கிண்ணியைக் கழற்றி இன்னொரு பக்கம். மிச்சத்தைச் சத்தத்திடம் தர வேண்டும். அவர் அதைப் பிரஸ்ஸின் வாயில் வைத்து மிதிப்பார். அதே பிரஸ்தான் அவற்றின் மூடிகளையும் செய்தது. குவிந்திருந்தது தட்டையாகி வெளியே வரும்.

எண்பது, தொண்ணூறு வரை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை. தோள் வலித்தது. அந்த வலிகூடப் புதிதாக இல்லை, வருஷக் கடைசிக்கென்று எடுத்து வைத்திருந்த வலிபோல இருந்தது. அம்மா உட்கார்ந்தபடியே வயர் இழுத்தார். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி, தட்டையானவற்றை அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்கு ஆடிட்டர் வந்தார். காதில் ஒரு கைக்குட்டையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் போனில் படம் எடுத்தார். இறங்குகிற பெட்டி, உடைகிற விளக்கு, நிறைகிற சாக்கு. பழைய இரும்புக்காரர் தராசைச் சரிபார்த்தபடி, "நல்ல தகடும்மா, பாவம்," என்று சொல்லிக்கொண்டே எடை போட்டார்.

அம்மா ஒரு விளக்கைக் காகிதம் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் போகணும்மா," என்றார் ஆடிட்டர். "கணக்குல எண்ணிக்கை இருக்கு."

"ஒண்ணக் கழிச்சுக்கோங்க. பிள்ள செஞ்சது."

ஆடிட்டர் அம்மாவைப் பார்த்தார். பேனாவை எடுத்து அறுநூற்று நாற்பதை அடித்து அறுநூற்று முப்பத்தொன்பது என்று எழுதினார். எழுதும்போது அவர் கை நிழல் அந்த எண்ணின்மேல் விழுந்திருந்தது. ஜன்னல் அவருக்கு வலப்பக்கம்.

கடைசிப் பெட்டி பாதியாக இருந்தபோது அவர் ஒரு தகட்டுக் கட்டின்மேல் உட்கார்ந்து தாளைத் தொடையில் வைத்துக்கொண்டார்.

"சார், காரணம் ஒரு வரி வேணும். ஏன் விக்காது? வடிவமைப்புல தப்புன்னு போட்டுடவா? செஞ்சவரோட கவனக்குறைவுன்னு?"

"போடாதீங்க," என்றார் அப்பா.

"ஏதாவது போட்டாகணும் சார். அது இல்லாம இவ்வளவும் உடைச்சது வீண்."

"வேற ஏதாவது போடுங்க. காலம் மாறிப்போச்சுன்னு போடுங்க."

"மேசை விளக்குக்கு என்ன சார் காலம்?"

அம்மா நிமிரவில்லை. வயரை இழுத்தபடியே பேசினார். "உள்ளத எழுதுங்க மேடம். பிள்ள தப்பா செஞ்சான். செஞ்சது தோத்துச்சு. அந்த வெக்கத்துல வீட்ட விட்டே போயிட்டான். மூணு வருஷமா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கல. இத விடப் பெரிய காரணம் உங்களுக்கு எங்க கிடைக்கும்?"

ஆடிட்டரின் பேனா தாளைத் தொட்டது.

அப்பா திரும்பினார். ஏதோ சொன்னார். அந்த நேரம் சத்தம் மிதித்துவிட்டார். பிரஸ் இறங்கியது. உதடு அசைந்ததை மட்டும்தான் நான் பார்த்தேன். அப்பா மறுபடி சொன்னார். பிரஸ் மறுபடி இறங்கியது. ஆடிட்டர் காதில் கைக்குட்டையோடு முகத்தைச் சுளித்தார். அம்மா வயரைக் கையில் பிடித்தபடி அப்பாவையே பார்த்தார்.

சத்தத்துக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். காலை எடுத்து, கைநீட்டிச் சுவிட்சை அணைத்தார். இயந்திரம் நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு பட்டறையில் அன்று காலையிலிருந்து இல்லாத அமைதி.

"என்ன முதலாளி?" என்று அவர் கத்தினார். "என்கிட்டயா சொன்னீங்க? காதுல விழல!"

அப்பா கையில் இருந்த தட்டைத் தகட்டைப் பார்த்தார். அதைக் கீழே போடாமல், எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னார்.

"அவன் வெக்கப்பட்டுப் போகல. சரி பண்ணித் தரேன், இங்கயே இருக்கேன்னுதான் சொன்னான். பட்டறை ரெண்டு பேருக்குத் தாங்காதுன்னு நான்தான் போகச் சொன்னேன். நான் கூப்பிடற வரைக்கும் வராதேன்னு சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் கூப்பிடல."